நைலான் 66-ஆ, 10/22-ஆ? பழைய .22 ஒன்றை வாங்கித் துடைத்தவனின் கணக்கு

ஹூஸ்டனில் பழைய துப்பாக்கி விற்கும் கடையொன்றில் இரண்டு .22 (0.22 அங்குலத் தோட்டா போடும் சிறு துப்பாக்கி) பக்கத்துப் பக்கத்தில் நின்றன. ஒன்று மரக்கட்டை (தோளில் அணைத்துப் பிடிக்கும் பாகம்) போட்ட ரூகர் 10/22. மற்றது காப்பி நிறத்தில் ரெமிங்டன் நைலான் 66. நான் நைலானை எடுத்துவந்தேன். நண்பர் ரூகரை எடுத்தார். இரண்டு வருஷமாக இரண்டையும் சேர்த்தே துடைத்துவருகிறோம்.

எடை, தோட்டா எண்ணிக்கை எல்லாம் சட்டென்று சொல்லிவிடலாம். நைலான் சுமார் 1.8 கிலோ, ரூகர் அதைவிட அரைக் கிலோ கூட. நைலானில் 14 தோட்டா பின்கட்டைக்குள் இருக்கும் குழாயில் போகும்; ரூகரில் 10, கழற்றி மாட்டும் சுழல் பெட்டியில். குறி தப்புவது என் கையால்தான், துப்பாக்கியால் இல்லை.

விஷயம் பராமரிப்பில்தான் இருக்கிறது. 1959-இல் வந்த நைலான் 66-இல் கட்டை வேறு, உடல் (இயங்கும் பாகங்கள் உட்காரும் கூடு) வேறு என்று கிடையாது. டூபான்ட் கம்பெனியின் ஸைட்டல் என்ற நைலான்தான் இரண்டும். மேலே இருக்கும் கறுப்பு இரும்பு வெறும் மூடி. உள்ளே போல்ட் (முன்னும் பின்னும் ஓடி, தோட்டாவை உள்ளே தள்ளும் இரும்புத் துண்டு) நைலான் மேலேயே வழுக்கி ஓடுகிறது, அதற்கு எண்ணெய் தேவையில்லை. எனக்கு முன்னால் வைத்திருந்தவருக்கு இது தெரியவில்லை போலிருக்கிறது, வஞ்சனையில்லாமல் ஊற்றியிருக்கிறார். மூடியைத் திறந்தால் எண்ணெய், கரி, தோட்டா மேல் பூசிவரும் மெழுகு எல்லாம் குழைந்து கேழ்வரகுக் களி மாதிரி. வெடித்த கூடு சரியாக வெளியே வராமல் சிக்கியதற்குக் காரணம் அதுதான். பழைய டூத் பிரஷ், துணி, கொஞ்சம் பொறுமை. காய்ந்ததும் சிக்கல் போயிற்று.

ஹூஸ்டன் காற்றின் ஈரம் சென்னைக்குக் குறைந்ததில்லை. நண்பரின் மரக்கட்டையை வருஷத்துக்கு ஒருமுறை ஆளி எண்ணெய் தேய்த்துக் காயவைக்க வேண்டியிருக்கிறது. என்னுடையதற்கு சோப்புத் தண்ணீர் போதும். மேல்கீறல்களை 0000 என்ற மிக நைசான எஃகு நாரால் லேசாகத் தேய்த்து மெழுகு போட்டேன், பாதி மறைந்துவிட்டது. இரும்பு மூடியில் மட்டும் துரு பிடித்தது. அது பாரம் தாங்காத பாகம் என்பதால் அழகுக்கேடு, அவ்வளவுதான்.

நைலானின் பலவீனத்தையும் சொல்லியாக வேண்டும். முழுக்கப் பிரிக்காதீர்கள். ரூகரில் கட்டையை ஒரு திருகு பிடித்திருக்கிறது. அப்புறம் இரண்டு ஊசியைத் தள்ளினால் விசைத் தொகுதி (சுட இழுக்கும் விசையும் அதோடு சேர்ந்த பாகங்களும்) மொத்தமாகக் கையில் வந்துவிடும். நைலானில் விசை, சுத்தியல், ஸ்பிரிங் எல்லாம் தனித்தனியாக உடலுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கின்றன. ஆர்வக் கோளாறில் ஒருமுறை பிரித்தேன். ஒரு ஸ்பிரிங் எகிறி, அலமாரிக்கு அடியில் கிடைக்க ஒரு மணி நேரமாயிற்று. திரும்பக் கோர்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசும் போயிற்று. இப்போது மூடியைத் தாண்டிப் போவதில்லை. (அதற்கும் முன்னால் குழாயை உருவி, போல்ட்டை இழுத்து, தோட்டா நிற்கும் அறை காலிதானா என்று விரல் விட்டுப் பார்ப்பேன்.)

விரிசல் இன்னொரு பயம். மரம் பிளந்தால் பசை போட்டு இறுக்கலாம். நைலானில் பசை லேசில் ஒட்டாது, உடலே அதுதான் என்பதால் மாற்றவும் முடியாது. எனக்கு அப்படி நேரவில்லை, ஆகவே இதில் என் பேச்சுக்கு எடை குறைவு. உதிரிபாகத்திலும் ரூகர்தான் ராஜா: 1964-இலிருந்து இன்றுவரை வருகிறது, எதைக் கேட்டாலும் புதிதாகக் கிடைக்கும். நைலான் எண்பதுகளோடு முடிந்துபோன கதை. பழையதைப் பிரித்து விற்பவர்களைத்தான் தேட வேண்டும்.

தொலைநோக்கி மாட்டப் போகிறவர் யோசிக்காமல் ரூகரை வாங்கலாம். நைலானில் அது அந்த மெல்லிய மூடி மேலேதான் உட்கார வேண்டும், மூடி அசைந்தால் குறியும் அசையும். நான் வெறுங்கண்ணால் தகர டப்பாவைச் சுடுகிறவன். போன வாரம் சுட்டு வந்ததும் மூடியைத் திறந்து, துடைத்து, மூடி வைக்க இருபது நிமிஷம். நண்பர் அப்போதுதான் எண்ணெய் டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தார்.