பழைய மோட்டார்ஹோமும் பவர் ஸ்டீயரிங்கும்: ஏழு ஆண்டுகள் ஓட்டியபின்

2017இல் நான் வாங்கியபோது, உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வீடுபோன்ற அந்த மோட்டார்ஹோமுக்கு வயது பத்தொன்பது. ஆண்டில் பத்து மாதம் அது தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்குத் தெற்கே, கடற்காற்று வீசும் இசிப்பிங்கோவில் எங்கள் வீட்டு முற்றத்திலேயே நிற்கும்; மற்ற நாட்களில் ட்ரேக்கன்ஸ்பெர்க் மலையடிவாரத்துக்கோ தென்கடற்கரைக்கோ குடும்பத்தோடு போய்வருவோம். எஞ்சினும் கியரும் இதுவரை என்னைப் படுத்தியதில்லை. படுத்தியது, பம்ப் தரும் ஆயில் அழுத்தத்தால் ஸ்டீயரிங்கை இலகுவாகத் திருப்ப உதவும் பவர் ஸ்டீயரிங்தான். அதிலும் பாதிப் பழி என்னுடையது.

காலையில் முதல் திருப்பத்தில் ஒரு முனகல் கேட்கும், வண்டி சூடானதும் அடங்கிவிடும். ஆயில் டப்பாவைத் திறந்து பார்த்தால் அளவு விரல் கனம் குறைந்திருக்கும். ஊற்றி நிரப்புவேன், சத்தம் நிற்கும், மறந்துவிடுவேன். எட்டு மாதம் இப்படியே போயிற்று. தரையில் ஒரு சொட்டுக்கூடக் காணோம் என்பதால், ஊற்றிய ஆயில் எங்கே போகிறது என்று நான் கேட்டுக்கொள்ளவே இல்லை.

2019 செப்டம்பரில் மலையிலிருந்து என்3 நெடுஞ்சாலையில் திரும்பிக்கொண்டிருந்தோம். வேகமாக ஓடும்போது சக்கரத்தைத் திருப்பப் பெரிய பலம் தேவைப்படாது என்பதால் பவர் ஸ்டீயரிங்கின் உதவி நின்றுபோனது எனக்குத் தெரியவில்லை. மோய் ரிவர் சுங்கச் சாவடியில் வேகத்தைக் குறைத்து வரிசைக்குள் நுழையத் திருப்பியபோதுதான் ஸ்டீயரிங் கல்லாக நின்றது. இரு கைகளாலும் இழுத்துத் திருப்பிச் சாவடியைக் கடந்து ஓரமாக நிறுத்தினேன். பவர் ஸ்டீயரிங் செயலிழந்தாலும் ஸ்டீயரிங்குக்கும் சக்கரங்களுக்குமான நேரடி இணைப்பு அறுவதில்லை. கனக்குமே தவிர, திரும்பாமல் போகாது. பதறி எஞ்சினை அணைத்துச் சாவியை உருவினால்தான் ஸ்டீயரிங் பூட்டு விழுந்து உண்மையான ஆபத்து வரும்.

பானெட்டைத் திறந்ததும் முதலில் பெல்ட்டைப் பார்த்தேன். பல வண்டிகளில் பவர் ஸ்டீயரிங் பம்ப், பேட்டரிக்கு மின்னேற்றும் ஆல்டர்னேட்டர், எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் பம்ப் மூன்றையும் ஒரே பெல்ட் சுழற்றுகிறது. அது அறுந்திருந்தால் பேட்டரி விளக்கு எரியும், எஞ்சினும் சூடேறும், அதற்குமேல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக்கூடாது. என் வண்டியில் பெல்ட் நன்றாகவே இருந்தது. ஆயில் டப்பாவிலோ ரோஸ் மில்க்கை ஆற்றி ஊற்றியது போல நுரை பொங்கி நின்றது. மெதுவாக ஓட்டிக்கொண்டு போய்விடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கு முன்னால், லாரிகள் நெருக்கியடிக்கும் டவுன் ஹில் இறக்கம் இருக்கிறது. பின்னால் பிள்ளைகள் உட்கார்ந்திருக்க அதில் கனத்த ஸ்டீயரிங்கோடு இறங்க மனம் வரவில்லை. இழுவை வண்டியை அழைத்தோம்.

பழுது பார்த்த இடத்தில் பம்ப் போய்விட்டது என்று சொல்லி 5,600 ரேண்டுக்குப் புதியது மாட்டினார்கள். மூன்றே வாரத்தில் பழைய முனகல் திரும்பியது.

சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் என் பெரியப்பா பல ஆண்டுகள் பேருந்து மெக்கானிக்காக இருந்தவர். எஞ்சினை ஓடவிட்டு டப்பாவைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, “தம்பி, கீழே சொட்டினாத்தான் ஒழுக்குன்னு நினைக்காதே. இந்தப் பம்ப் காத்தைக் குடிக்குது” என்றார். டப்பாவிலிருந்து பம்புக்குப் போகும் ஹோஸ் உறிஞ்சும் பக்கத்தில் இருப்பதால், எஞ்சின் ஓடும்போது அதில் வெடிப்பு இருந்தால் ஆயில் வெளியே பீய்ச்சாது. காற்றுதான் உள்ளே போகும். வண்டி நிற்கும்போது கசிகிற கொஞ்சமும் எஞ்சினின் அடித்தகட்டில் படிந்து, அழுக்கோடு அழுக்காகிவிடும். அவர் கிளிப்பைத் தளர்த்தி ஹோஸை வளைத்துக் காட்டினார்: கிளிப் இறுக்கிய இடத்தைச் சுற்றிலும் கோடைக்காலத்துக் குளத்து மண் போல வெடித்திருந்தது. ஆயில் தாங்கும் புது ஹோஸும் இரண்டு கிளிப்பும் சேர்த்து 300 ரேண்டுக்குள் முடிந்தது. ரேடியேட்டர் ஹோஸ் துண்டை இதற்குப் பயன்படுத்தக்கூடாது, அந்த ரப்பர் ஆயிலில் ஊறி உப்பிவிடும்.

காற்றை வெளியேற்றுவதில்தான் பொறுமை வேண்டியிருந்தது. முன்சக்கரங்களைத் தரையிலிருந்து உயர்த்தி ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிடாமல் சாவியை மட்டும் திருப்பிப் பூட்டை விடுவித்து, ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாகக் கடைசிவரை இருபது முறை மெதுவாகத் திருப்பினோம். குறையக் குறைய ஆயில் ஊற்றினோம். பிறகு எஞ்சினை ஓடவிட்டு அதையே மறுபடி செய்து, இரவு முழுவதும் நிற்கவிட்டோம். மறுநாள் டப்பாவில் ஆயில் தெளிந்து சிவப்பாக இருந்தது, முனகலும் இல்லை. ஆனாலும் மூன்று வாரம் நுரையைக் குடித்ததாலோ என்னவோ, அந்தப் புதுப் பம்ப் குளிர்ந்த காலைகளில் இன்றும் லேசாக ரீங்கரிக்கிறது.

2022இல், ஸ்டீயரிங் திரும்புவதற்கேற்ப முன்சக்கரங்களைத் திருப்பும் ரேக்கின் இடது சீல் கசிந்து ரப்பர் உறைக்குள் ஆயில் தேங்கியது. ரேக்கைக் கழற்றிப் புதுப்பித்தோம், அதில் சொல்லும்படி எதுவுமில்லை. முன் டயர்களில் காற்று குறைந்தாலும் ஸ்டீயரிங் கனக்கும் என்பதால் பயணத்துக்கு முன் அதையும் பார்த்துவிடுகிறேன். நிறுத்தும்போது ஸ்டீயரிங்கைக் கடைசிவரை திருப்பி அப்படியே இறுக்கிப் பிடிக்கும் பழக்கத்தையும் விட்டேன், அது பம்பை வீணாகச் சூடாக்கும்.

போன மாதம் அந்த உறிஞ்சு ஹோஸை மறுபடி மாற்றினேன். கழற்றியதைப் பெரியப்பா வளைத்துப் பார்த்து, “இன்னும் ரெண்டு வருஷம் ஓடியிருக்கும்” என்றார். இருக்கட்டும் என்று புதியதையே போட்டேன்.