தொடர் வசனம் எழுத ஃபவுண்டன்: ஆறு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

தினத்தொடர்களுக்கு வசனம் எழுதும் நான், ஆறு ஆண்டுகளாக ஃபவுண்டன் என்னும் முறையிலேயே எழுதி வருகிறேன். அமெரிக்கத் திரைக்கதை ஆசிரியர் ஜான் ஆகஸ்ட், ஸ்டூ மாஷ்விட்ஸ் முதலானோர் 2012இல் வெளியிட்ட இது ஒரு மென்பொருள் அன்று. வெறும் உரைக்கோப்பில் திரைக்கதையைத் தட்டெழுதுவதற்கான சில விதிகளே. அவ்விதிகளை அறிந்த செயலி எதுவும் காட்சித் தலைப்பையும் பாத்திரப் பெயரையும் வசனத்தையும் பிரித்தறிந்து அச்சுப் பக்கமாக அமைத்துவிடும்.

ஆங்கிலத்தில் ஒரு வரி முழுவதும் பெரிய எழுத்தில் இருந்தால் அது பாத்திரத்தின் பெயர் என்பது விதி. தமிழில் பெரிய எழுத்தே இல்லாததால், முதல் வாரம் நான் எழுதிய வசனங்கள் எல்லாம் காட்சி விவரிப்பாக அச்சாகி வந்தன. பெயருக்கு முன் @ குறியும் காட்சித் தலைப்புக்கு முன் ஒரு புள்ளியும் இட்டால் போதும் என்று பிறகுதான் கற்றேன்: '@கௌரி' என்றும், '.வீடு - கூடம் - இரவு' என்றும் எழுதுகிறேன்.

கூரியர் எழுத்துருவில் 12 புள்ளி அளவில் ஒரு பக்கம் ஏறத்தாழ ஒரு நிமிடம் என்னும் ஆங்கிலக் கணக்கு தமிழுக்குப் பொருந்துவதில்லை. அந்த எழுத்துருவில் தமிழ் எழுத்துகளே இல்லை என்பதால் செயலி வேறொன்றை இட்டு நிரப்புகிறது, பக்க அளவும் மாறிவிடுகிறது. அரைமணி நேரத் தொடரில் விளம்பரம் போக எஞ்சும் இருபது நிமிடச் சொச்சத்தை மீறக் கூடாது என்பதால், ஒவ்வொரு காட்சியையும் வாய்விட்டுப் படித்து, ஆகும் நொடிகளை இரட்டைச் சதுர அடைப்புக்குள் குறித்து வைக்கிறேன்; அக்குறிப்பு அச்சில் வராது.

நான் இம்முறையை விடாமல் பிடித்திருப்பதற்கு உண்மையான காரணம் படப்பிடிப்புத் தளத்தில் இருக்கிறது. நம் தொடர்களில் கன்னடத்தையோ மலையாளத்தையோ தாய்மொழியாகக் கொண்ட நடிகர்கள் பலர் இருப்பதால், கேமராவுக்கு அப்பால் நின்று உதவி இயக்குநர் வசனத்தைச் சொல்லிக்கொடுத்துப் பிராம்ப்ட் செய்ய, அதைக் கேட்டு அவர்கள் பேசுவது வழக்கம். நீண்ட வாக்கியம் ஒரே மூச்சில் சொல்லப்பட்டால் அதன் பின்பாதி நடிகரின் நினைவில் நிற்பதில்லை, முகபாவமும் கலைந்துவிடுகிறது. ஃபவுண்டன் வசனத்துக்குள் நாம் இடும் வரிமுறிவை அப்படியே காப்பதால், ஒரு மூச்சுக்கு ஒரு வரியாக எழுதித் தர முடிகிறது. 'அண்ணி, அன்னைக்கு ராத்திரி / நீங்க கதவைத் திறந்தது / எனக்குத் தெரியும்' என்று மூன்று வரியாக அமைத்தால், பிராம்ப்ட் செய்பவர் எங்கே நிறுத்த வேண்டும் என்பது தாளிலேயே தெரிகிறது. வசனத்தின் வலு கடைசி வரியில் விழ வேண்டும் என்ற கவனமும் எனக்கு இந்தப் பழக்கத்தால்தான் கூர்மையானது.

ஒரே வீட்டுக் காட்சிகளைப் பல எபிசோடுகளிலிருந்து எடுத்து ஒரே நாளில் படமாக்குவதால் கோப்புகளை வெட்டிச் சேர்க்கும் வேலை அன்றாடம் உண்டு. உரைக்கோப்பு என்பதால் அதைக் கைபேசியிலேயே முடிக்கிறேன்.

குறை ஒன்று உண்டு. நான் முதலில் பயன்படுத்திய செயலி பிடிஎஃப் ஆக்கும்போது ஒற்றைக் கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகி நின்றன; பார்க்காமல் அனுப்பியதால் ஒரு நாள் காலைப் படப்பிடிப்பில் அரைமணி நேரம் வீணானது. அதன்பின் செயலியை மாற்றினேன். எந்தத் தாளையும் ஒரு முறை முழுதாகப் படிக்காமல் தளத்துக்கு அனுப்புவதில்லை. கதை, திரைக்கதை, வசனம் மூன்றையும் மூவர் ஒரே நேரத்தில் ஒரே கோப்பில் திருத்தும் குழுவுக்கு இம்முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். தனியாக அமர்ந்து வசனம் எழுதுபவருக்குத் தயங்காமல் சொல்வேன்.