இச்சிரானா, இப்புடோவா? டோன்கொட்சு ராமென் (ஜப்பானிய நூடுல்ஸ் சூப்) சாப்பிட எது?

இரண்டுமே ஜப்பானின் ஃபுகுவோகாவில் பிறந்த உணவகச் சங்கிலிகள். டோன்கொட்சு என்றால் பன்றி எலும்பை நெடுநேரம் கொதிக்கவைத்த வெள்ளைக் குழம்பு, மெல்லிய நூடுல்ஸ். விலையிலும் பெரிய வித்தியாசமில்லை: ஒரு கிண்ணம் 1,000 யென்னை ஒட்டி வரும்.

இருக்கை: இச்சிரானில் இருபுறமும் தடுப்பு வைத்த ஒற்றை இடங்கள்; இப்புடோவில் மேசையும் கவுண்டரும்.

ஆர்டர்: இச்சிரானில் இயந்திரத்தில் சீட்டு வாங்கி, தாளில் குழம்பின் கெட்டி, பூண்டு, காரச் சிவப்பு சாஸ், நூடுல்ஸின் உறுதி எல்லாவற்றையும் குறிக்க வேண்டும். பேச்சே தேவையில்லை, மொழி தெரியாதவருக்கு வரம். இப்புடோவில் முடிவு எளிது: மென்மைக்கு ஷிரோமாரு, காரமும் பூண்டெண்ணெயும் வேண்டுமென்றால் அகாமாரு. கூடவே கியோசா (பூரணம் வைத்த மோமோ போன்றது) கிடைக்கும்.

இரண்டிலும் பலர் சறுக்குவது கூடுதல் நூடுல்ஸில்தான், அதாவது கயேதாமாவில். குழம்பைக் குடித்துத் தீர்த்துவிட்டால் அதை ஊறவைக்க ஒன்றும் மிஞ்சாது. முதல் நூடுல்ஸ் இரண்டு மூன்று வாய் இருக்கும்போதே கேளுங்கள். 'கட்டா' (உறுதி) என்று கேட்பது நல்லது. மெல்லிய இழை சூட்டில் சீக்கிரம் குழைந்துவிடும்.

தனியாகவோ நள்ளிரவிலோ போனால் இச்சிரான். பல கிளைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கும். குடும்பத்தோடு, பேசிக்கொண்டே சாப்பிட இப்புடோ. சுவைக்கு மட்டும் என்றால் என் ஓட்டு அகாமாருவுக்கு.