கொங்கிலிருந்து இரு கடல்கள்: கயாக் பயணத்துக்கு இடம் தேர்ந்த நெடுநாள் அனுபவம்

கொங்கு நாட்டில் கடற்கரை இல்லை. ஆனால் இரண்டு கடல்களுக்கு நடுவில் இருக்கிறோம். கோயம்புத்தூரிலிருந்து வாளையார் தாண்டிப் பாலக்காட்டுக் கணவாய் வழியே மேற்கே சென்றால் ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் அரபிக்கடல் வந்துவிடுகிறது. இரவில் கிளம்பிக் கிழக்கே சென்றால் விடியலில் பாக் விரிகுடாவின் கரையில் நிற்கலாம். பல ஆண்டுகளாகக் கயாக் என்னும் சிறு துடுப்புப் படகோடு இவ்விரு திசைகளிலும் மாறி மாறிப் போய்வந்ததில் எனக்குள் உறுதிப்பட்ட கருத்து ஒன்று உண்டு. நல்ல இடம் தேடுகிறவர் முதலில் கேட்க வேண்டியது, அந்த மாதத்தில் அங்கே காற்று எத்திசையிலிருந்து வீசும், அந்தக் காற்றுக்கு மறைவு தரும் கரை எது என்பதே. கடலின் நிறமும் மணலின் அழகும் தங்குமிட வசதியும் அதற்குப் பின்பு பார்த்துக்கொள்ள வேண்டியவை.

எந்த இடத்துக்குப் போகலாம் என்பதைப் படகும் தீர்மானிக்கிறது. நான் பயன்படுத்துவது பையில் மடித்து ரயிலில் கொண்டுபோகத்தக்க காற்றடைக்கும் கயாக். கடலிலிருந்து வெகு தொலைவில் வாழ்பவருக்கு இதைவிட வசதியான படகு கிடையாது. ஆனால் அதன் உடல் நீருக்கு மேல் உயர்ந்து நிற்பதால் காற்று அதைப் பக்கவாட்டில் எளிதாகத் தள்ளிவிடும்; மணிக்கு 20 கிலோமீட்டரைத் தாண்டிய எதிர்காற்றில் துடுப்புப் போடும் உழைப்பில் பெரும்பகுதி வீணாகும். ஏறத்தாழ 5 மீட்டர் நீளமும் 60 சென்டிமீட்டருக்குள் அகலமும் நீர்புகா அறைகளும் கொண்ட உண்மையான கடல் கயாக் வைத்திருப்பவர் இதே காற்றில் நிதானமாக முன்னேறுவார். ஆகவே நான் கீழே சொல்லும் மதிப்பீடுகள் கரையை ஒட்டிய, மறைவான நீர்ப்பரப்புகளையே அளவுகோலாகக் கொண்டவை.

இடத்தை வீட்டிலிருந்தே ஆராய்வதற்கு எனக்கு மிகுதியும் பயன்பட்டது கூகுள் எர்த்தில் உள்ள பழைய செயற்கைக்கோள் படங்கள். ஒரே கரையை வெவ்வேறு ஆண்டுகளிலும் மாதங்களிலும் எடுத்த படங்களில் பார்க்கும்போது, எங்கே அலை வெள்ளைக் கோடாக உடைகிறது, ஆற்று முகத்துவாரத்தின் மணல்திட்டு எந்தப் பருவத்தில் எந்தப் பக்கம் நகர்கிறது, எங்கே அலை உடையாத ஒரு சிறு இடைவெளி எப்போதும் இருக்கிறது என்பதெல்லாம் தெளிவாகத் தெரியும். கேரளக் கரைக்கு இந்த ஆய்வு இன்றியமையாதது. அங்கே பல இடங்களில் கருங்கல் கடற்சுவர் நீண்டு கிடப்பதால், வரைபடத்தில் கடற்கரை என்று காட்டப்படும் இடத்தில் அவசரத்துக்குக் கரையேறக்கூட வழி இருக்காது. கடலுக்குள் நீட்டிக் கட்டிய கற்சுவர்களான தூண்டில் வளைவுகளுக்கு இடையில் மணல் சேர்ந்த இடங்களைப் படத்திலேயே குறித்துக்கொண்டு, அவற்றுக்கு இடைப்பட்ட தொலைவு ஒரு மணி நேரத் துடுப்புக்கு மேல் போகாமல் பாதையை அமைத்துக்கொள்வது என் வழக்கம்.

கடல் நிலைக்கு ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்னும் தேசியக் கடல் தகவல் சேவை மையம் வெளியிடும் முன்னறிவிப்பை நம்புகிறேன். அதில் அலையின் உயரத்தை மட்டும் பார்ப்பது போதாது. ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடைப்பட்ட நொடிகளையும் பார்க்க வேண்டும். உள்ளூர்க் காற்று எழுப்பும் அலை ஐந்தாறு நொடிக்கு ஒன்றாக வரும். இந்தியப் பெருங்கடலின் தென்கோடிப் புயல்களிலிருந்து வரும் நெடுவீச்சு அலையோ பதினைந்து நொடிக்கு மேல் இடைவெளி கொண்டது. ஆழ்நீரில் மெல்லிய ஏற்ற இறக்கமாகத் தெரிந்து, கரையில் திடீரென்று உயர்ந்து உடையும். காற்றே இல்லாத நாளிலும் இது வரக்கூடும் என்பதால்தான் மலையாளக் கரையில் இதற்குக் கள்ளக்கடல் என்று பெயர். பருவமழைக்கு முந்தைய ஏப்ரல், மே மாதங்களில் இந்த எச்சரிக்கையைப் பார்க்காமல் மேற்குக் கரைக்கும் கன்னியாகுமரிக் கரைக்கும் யாரும் கிளம்ப வேண்டாம்.

கொங்கு மக்களுக்கு நன்கு பழக்கமான ஒரு காற்றும் இக்கணக்கில் சேர்கிறது. கார்த்திகை முதல் தை வரை பாலக்காட்டுக் கணவாய்க்குள் கிழக்கிலிருந்து வீசும் காற்று, திருச்சூர், பொன்னானிப் பக்கத்தில் கரையிலிருந்து கடலை நோக்கி வீசும். அங்கே அதை விருச்சிகக் காற்று என்பார்கள். மேற்குக் கரையில் கடல் அமைதியாக இருக்கும் அதே மாதங்களில், கணவாய்க்கு நேர் எதிரே உள்ள கரையில் மட்டும் காற்று படகைக் கடலுக்குள் தள்ளப் பார்க்கும். ஆதலால் அப்பருவத்தில் நான் பொன்னானியை விட்டு வடக்கே கண்ணூர், காசர்கோடு பக்கம் போய்விடுகிறேன்.

எல்லா இடங்களிலும் மிகுந்த கவனம் கேட்பதும், கவனித்தவருக்கு மிகுந்த பலன் தருவதும் இராமநாதபுரம் கரையே. மண்டபமும் இராமேசுவரம் தீவும் நடுவில் நிற்க, வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வைகாசியிலிருந்து புரட்டாசி வரை தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று அடிக்கும் நாட்களில் தெற்குக் கரை கொந்தளிக்க, அரியமான், பிரப்பன்வலசை போன்ற வடக்குக் கரை ஊர்களில் நீர் ஏறக்குறைய அசையாமல் கிடக்கும். வடகிழக்குப் பருவத்தில் வாடைக் காற்று தொடங்கியதும் இது தலைகீழாக மாறும். ஒரே ஊரில் தங்கி, காற்றைப் பார்த்துக் கரையைத் தேர்ந்துகொள்ள முடிகிற இடம் தமிழகத்தில் வேறெதையும் நான் கண்டதில்லை.

ஆனால் அந்த அசையாத நீரில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது. கச்சான் அடிக்கும்போது வடக்குக் கரை அமைதியாக இருப்பதற்குக் காரணம், காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசுவதே. கரையை ஒட்டிச் சவுக்குத் தோப்பின் மறைவில் செல்லும்வரை அது உறைப்பதில்லை. அரைக் கிலோமீட்டர் வெளியே போனதும் காற்றின் முழு வேகம் முதுகில் பட்டுப் படகு தானாக ஓடத் தொடங்கும். திரும்பும்போது அதே காற்று முகத்துக்கு நேரே நிற்கும். பாக் விரிகுடா பெரும்பாலும் 15 மீட்டருக்கும் குறைந்த ஆழமுடையது. ஆழம் குறைந்த நீரில் காற்று எழுப்பும் அலைகள் குட்டையாகவும் செங்குத்தாகவும் அடுத்தடுத்தும் வந்து படகை நிலைகுலைக்கும். இங்கே இடுப்பளவு ஆழத்தைத் தாண்டாமல், கடற்புல் தெரியும் தூரத்துக்குள், விடியலில் இறங்கிப் பத்து மணிக்குள் கரையேறிவிடும் ஒழுங்கை நான் இதுவரை தளர்த்தியதில்லை. தனுஷ்கோடி முனை கண்ணால் கண்டு வர வேண்டிய இடம். நீரோட்டமும் சர்வதேசக் கடல் எல்லையின் அருகாமையும் சேர்ந்து அதைக் கயாக்குக்கு ஏற்றதல்லாததாக ஆக்குகின்றன.

மன்னார் வளைகுடாவில் உள்ள தீவுகளைப் பற்றிப் புதியவர்கள் ஆவலோடு கேட்பதுண்டு. 1986-இல் அறிவிக்கப்பட்ட கடல் தேசியப் பூங்காவில் 21 தீவுகள் அடங்கும். அவற்றில் இரண்டு ஏற்கெனவே நீரில் மூழ்கிவிட்டன. அனுமதியின்றி அத்தீவுகளில் கயாக்கை ஏற்றுவது சட்டப்படி குற்றம். பவளப்பாறை மீது துடுப்பு உரசினாலே பல ஆண்டு வளர்ச்சி நொறுங்கிப்போகும். பார்க்க விரும்புவோர் பாம்பன் அருகிலுள்ள குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறை நடத்தும் படகில் செல்லட்டும். அந்தக் கடலை நேசிப்பவர் தம் படகைக் கரையோடு நிறுத்திக்கொள்வதே முறை என்று உறுதியாகச் சொல்வேன்.

முதன்முறை கடலுக்குப் போகும் குடும்பத்துக்கு நான் சொல்வது வட கேரளத்தின் கடலோர உப்பங்கழியான கவ்வாயிக் காயல். கோவை வழியே மங்களூரு செல்லும் ரயிலில் ஏறிப் பையனூரில் இறங்கினால் போதும். கடலுக்கும் காயலுக்கும் நடுவே வலியபறம்பு என்னும் மணல்தீவு வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கிறது. கிழக்குப் பக்கத்தில் தென்னை நிழலும் அலையற்ற நீரும். சில நூறு அடி நடந்து மேற்குப் பக்கம் போனால் திறந்த அரபிக்கடல். முதல் நாள் காயலில் பழகி, மறுநாள் கடலின் முகத்தைப் பார்த்து, ஒத்துவந்தால் மட்டும் இறங்கலாம். ஒத்துவராவிட்டாலும் பயணம் வீணாவதில்லை. வடக்கே நீலேசுவரம் அருகிலுள்ள முகத்துவாரத்தில் மட்டும் நேரம் பார்க்க வேண்டும். வற்றம், அதாவது கடலுக்கு இறங்கும் நீர், வேகமாக வெளியேறும்போது உள்ளே வரும் கடலலை அதில் மோதிச் செங்குத்தாக உடைகிறது. ஏற்றம், அதாவது கடல்நீர் உயர்வது, முடிந்து நீர் சற்றே நிற்கும் வேளையே கடப்பதற்கு உரியது. ஏற்றம் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போவதை நினைவில் வைத்தால் போதும். தெற்கே ஏழிமலையில் இந்தியக் கடற்படை அகாதெமி இருப்பதால் அந்தப் பக்கம் நெருங்கக் கூடாது. அக்டோபர் இறுதி முதல் மார்ச் வரை இவ்விடத்தை எவருக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

பொன்னானியில் கடலைவிட ஆறே மேல். ஆனைமலையில் தோன்றும் நம் ஆழியாற்று நீர் பாரதப்புழையோடு சேர்ந்து கடலடையும் இடம் என்பதால் பொள்ளாச்சிக்காரருக்கு அங்கே ஒரு தனி உரிமை உணர்வு எழும். படிஞ்ஞாறேக்கரை பக்கம் அகன்று கிடக்கும் கழிமுகம் காலை வேளைக்கு அருமையானது. ஆனால் மீன்பிடிப் படகுகளின் போக்குவரத்து மிகுதி.

பிச்சாவரத்திலும் தொண்டிக்கு அருகிலுள்ள காரங்காட்டிலும் அலையாத்திக் காட்டு வாய்க்கால்கள் உண்டு. காரங்காட்டில் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்தே சுற்றுலாவை நடத்துகிறார்கள்; கயாக்கும் வழிகாட்டியும் அங்கேயே கிடைப்பதால் சொந்தப் படகு இல்லாதவர் அங்கிருந்து தொடங்கலாம்.

காலமும் கணக்கில் வரட்டும். தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை இருப்பதால் கரையோரம் ஓசையடங்கி, நாட்டுப்படகுகள் மட்டும் இருக்கும். கயாக்குக்கு அது நல்ல காலம், வெயிலைத் தாங்க முடிந்தால். ஜூன் தொடங்கிச் செப்டம்பர் வரை மேற்குக் கரையின் திறந்த கடலை முற்றிலும் மறந்துவிட வேண்டும்.

எங்கே இறங்கினாலும் முதல் நாளே அவ்வூர் மீனவரிடம் காற்றையும் நீரோட்டத்தையும் கேட்பதோடு, கடலோரக் காவல் நிலையத்தில் பெயர், படகின் நிறம், திரும்பும் நேரம் ஆகியவற்றை எழுதிக் கொடுத்துவிடுகிறேன். கரைக்குத் திரும்பியதும் அவர்களிடம் தகவல் சொல்லவும் தவறக் கூடாது. இல்லையெனில் வீணாகத் தேட நேரும். கடலோரக் காவல் துறைக்கு 1093, இந்தியக் கடலோரக் காவல்படையின் மீட்புப் பிரிவுக்கு 1554 ஆகிய எண்களைக் கைபேசியில் பதிந்து, அந்தக் கைபேசியை நீர்புகா உறையிலிட்டு லைஃப் ஜாக்கெட்டிலேயே கட்டிக்கொள்ள வேண்டும். படகின் பையில் வைத்தால், கவிழ்ந்து படகு கைவிட்டுப் போகும்போது கைபேசியும் அதோடு போய்விடும்.