ஒரே வெல்டர், நான்கு படகுகள்: மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்டின் ரிசோர்ஸ் லெவலிங் ஒரு மதிப்பீடு

கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் காசிமேட்டுப் பட்டறைகளில் என்ன நடக்கும் என்பதை வடசென்னைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வருடம் முழுக்கத் தள்ளிப்போட்ட பழுதுகள் எல்லாம் ஒன்றாக வந்து சேரும். தடை நீங்கும் இரவில் தம் படகு கடலில் இருக்க வேண்டும் என்றுதான் ஒவ்வொரு உரிமையாளரும் கேட்பார். ஆனால் நம்பி வேலையை ஒப்படைக்கக்கூடிய வெல்டர் பட்டறைக்கு ஒருவர்தான் இருப்பார். அப்படிப்பட்ட ஒரு பட்டறைக்கு வேலைத்திட்டம் போட்டுத் தருபவன் என்ற முறையில், மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட் மென்பொருளின் கணினிப் பதிப்பை இங்கே மதிப்பிடுகிறேன். அதன் மற்ற வசதிகளுக்குள் போகவில்லை. ஒரே ஆளின் தலையில் ஒரே நாளில் விழும் பல வேலைகளை அது எப்படிக் கையாள்கிறது என்பது மட்டுமே இங்கு பேச்சு.

முதலில் அதன் கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். கால அளவை ஆளின் பங்கு சதவீதத்தால் பெருக்கினால் வேலைநேரம் வரும் என்பதே அடிப்படை. ஒரு நாள் என்பது 8 மணி என்ற கணக்கில், 2 நாள் என்று குறித்த ஒரு வேலைக்கு வெல்டரை முதன்முறையாக 50 சதவீதம் என்று ஒதுக்கினால், கால அளவு 2 நாளாகவே நின்று, வேலைநேரம் 8 மணியாகிவிடும். அதே வேலைக்கு அவரை முழு ஆளாக ஒதுக்கிவிட்டுப் பிறகு 50 சதவீதமாகக் குறைத்தால், 16 மணி வேலை அப்படியே நிற்க, கால அளவு 4 நாளாக நீளும். இரண்டிலும் திரையில் தெரிவது 50 சதவீதம்தான். ஆனால் ஒன்றில் பாதி வேலை சத்தமில்லாமல் காணாமல் போயிருக்கிறது. ஆகவே வொர்க் என்ற பத்தியை அட்டவணையில் சேர்த்துக்கொண்டு, ஆளை ஒதுக்கியவுடன் அதிலுள்ள மணிக்கணக்கைச் சரிபார்ப்பது அவசியம். அங்கே மணியைத் திருத்தினால் கால அளவு தானாகவே மாறிக்கொள்ளும்.

சதவீதத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரண்டு படகுகளுக்கு ஒரே நாளில் தலா 50 சதவீதம் என்று போட்டால் கூட்டுத்தொகை 100. மென்பொருள் எந்த எச்சரிக்கையும் தராது. ஆனால் ஒரு படகின் பின்புறத்தில் சுக்கானைப் பற்றவைத்துக்கொண்டிருப்பவர் அதே நேரத்தில் வேறொரு படகின் எஞ்சின் அறையில் இருக்க முடியாது. மெஷினையும் கேபிளையும் இடம் மாற்றவே கணிசமான நேரம் போகும். கைவேலை செய்பவருக்கு இந்தப் பாதிப்பாதிக் கணக்கு பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து. எல்லா வேலைகளுக்கும் 100 சதவீதம் என்று கொடுத்துவிட்டால், மோதல் இருக்கும் இடங்களில் குறிப்புப் பத்தியில் சிவப்பு மனித உருவம் தோன்றும். அந்தச் சிவப்பு தோன்றுவதுதான் நல்லது.

இனி லெவலிங். இதை இயக்கினால் மோதும் வேலைகளில் ஒன்றை மென்பொருள் பின்னால் தள்ளும், அல்லது வேலையைத் துண்டாக்கி இடைவெளி விடும். அது வேறு ஆளுக்கு வேலையை மாற்றாது. ஆளைக் கூட்டவும் செய்யாது. எதை முதலில் தள்ளுவது என்பதில் நம் சொல் எடுபட வேண்டுமானால், ஒவ்வொரு வேலைக்கும் 0 முதல் 1000 வரையிலான முன்னுரிமை எண்ணைக் கொடுத்து, வரிசைமுறையில் முன்னுரிமை முதலில் என்ற தேர்வை வைக்க வேண்டும். இயல்பாக எல்லா வேலைகளுக்கும் 500தான் இருக்கும்; 1000 கொடுத்த வேலையை லெவலிங் தொடாது. தானியங்கி முறையை அணைத்து வைக்குமாறு வலியுறுத்துவேன், ஏனெனில் அது இயங்கிக்கொண்டிருந்தால் ஒரு சின்ன மாற்றத்துக்கும் தேதிகள் நகர்ந்துவிடும். நேற்று ஒரு படகுக்காரருக்குச் சொன்ன தேதி இன்று இருக்காது. கையால் இயக்கி, வேலைகளைத் தேதிவாரியாகப் பட்டைகளாகக் காட்டும் லெவலிங் கேன்ட் காட்சியில் முன்னிருந்த பட்டையையும் புதிய பட்டையையும் மேலும் கீழுமாக ஒப்பிட்டுப் பார்த்து, பிடிக்காவிட்டால் ஒரே சொடுக்கில் நீக்கிவிடலாம். இந்த ஒப்பீட்டுக் காட்சி மிக நன்றாக அமைந்திருக்கிறது.

தள்ளித்தள்ளி ஏதாவது ஒரு படகின் வேலை ஜூன் 14ஐத் தாண்டிவிட்டால் அதையும் லெவலிங் தடுக்காது. டெட்லைன் பத்தியில் அந்தத் தேதியைக் குறித்துவைத்திருந்தால், தாண்டிய வேலையின் அருகே சிவப்பு எச்சரிக்கைக் குறி வரும். இதைக் குறையாக நான் எண்ணவில்லை. நான்கு படகுகளை எடுத்துக்கொண்டு மூன்றைத்தான் முடிக்க முடியும் என்பது மார்ச் மாதத்திலேயே தெரிந்துவிட்டால், நான்காவது உரிமையாளர் வேறு பட்டறையைத் தேடிக்கொள்ள அவகாசம் கிடைக்கும். கடைசி வாரத்தில் கையை விரிப்பது அவருடைய பிழைப்பில் மண் போடுவதாகும்.

உண்மையில் பல மோதல்கள் வேலைகளுக்கு இடையிலான மோதலே அல்ல; வேலையை நாம் எழுதும் விதத்தால் வருபவை. சுக்கான் பழுது, 5 நாள் என்று ஒரே வரியாக எழுதினால் வெல்டர் ஐந்து நாளும் சிக்கிக்கொண்டதாகக் கணக்காகும். கழற்றுவது, தண்டு லேத்துக்குப் போய் வருவது, மறுபடி பற்றவைப்பது என்று மூன்றாகப் பிரித்து, நடுவில் உள்ளதற்கு ஆளே ஒதுக்காமல் விட்டால் அந்த நாட்களில் அவர் அடுத்த படகுக்குப் போகலாம் என்பது தெரிந்துவிடும். பெயிண்ட் காய்வது போன்ற காத்திருப்புகளுக்கு இடே (eday) என்ற கால அலகு இருக்கிறது. அது இரவையும் ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்தே எண்ணும். லெவலிங்கை இயக்குவதற்கு முன் இப்படிப் பிரித்துவைத்தால் சிவப்பு உருவங்களில் பெரும்பகுதி தானாகவே மறையும்.

அட்டவணையைக் காட்டியபோது எங்கள் வெல்டர் விரல் வைத்த இடம் வேறு. "தம்பி, ஃபைபர் ஒட்டுற அன்னிக்கு அதே படகுல நெருப்பு வேலை வெச்சிருக்கியே, ரெசின் வாடை பத்திக்கும்" என்றார். ஒட்டுபவர் வேறு, பற்றவைப்பவர் வேறு என்பதால் மென்பொருளின் பார்வையில் அங்கே மோதலே இல்லை. அதற்கான வழி எளிது: படகையும் ஓர் ஆளைப் போல ரிசோர்ஸ் பட்டியலில் 100 சதவீதத்துடன் சேர்த்து, இரண்டு வேலைகளுக்கும் அதை ஒதுக்கிவிட வேண்டும். முழு நாள் வேலைகளாக இருந்தால், பிறகு லெவலிங் அவற்றை ஒரே நாளில் விடாது. உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் இந்த ஒன்றையாவது எல்லாப் பட்டறைகளும் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நாட்காட்டியில் இயல்பாக இருப்பது திங்கள் முதல் வெள்ளி வரை, தினம் 8 மணி நேரம். சனிக்கிழமையைச் சேர்ப்பது சுலபம். கத்திரி வெயிலில் நண்பகல் வேலையை நிறுத்தும் பட்டறைகள், அந்தத் தேதிகளுக்கு மட்டும் வேறு நேரம் குறிக்கலாம். ஆனால் ஒரு நாள் என்பதை 8 மணியாகவே மென்பொருள் எடுத்துக்கொள்வதால், தினம் 6 மணி நேரம் என்று மாற்றிய வாரங்களில் ஒரு நாள் வேலை மறுநாளுக்கும் வழியும். கால அளவை மணியில் எழுதினால் இந்தக் குழப்பம் இல்லை.

ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலைகளை இழுத்து மாற்றும் டீம் பிளானர் காட்சி ப்ரொஃபஷனல் பதிப்பில்தான் உண்டு. ஒரே ஆளின் சுமையைப் பார்க்க ரிசோர்ஸ் யூஸேஜ் காட்சியும் லெவலிங்கும் போதும். இரண்டும் ஸ்டாண்டர்ட் பதிப்பிலேயே இருப்பதால் சிறு பட்டறைகள் அதற்கு மேல் செலவழிக்க வேண்டாம். விண்டோஸ் கணினி கட்டாயம். மோதலைக் கண்ணால் பார்த்தாலே போதும், தேதிகளை நானே நகர்த்திக்கொள்வேன் என்பவர்கள் இலவசமாகக் கிடைக்கும் கேன்ட்ப்ராஜெக்ட் என்ற வேறொரு மென்பொருளில் தொடங்கலாம். ஆளின் சுமை 100 சதவீதத்தைத் தாண்டும் நாட்களை அது சிவப்பில் காட்டும். ஒரே நேரத்தில் மூன்று படகுகளுக்கு மேல் எடுப்பவர்களுக்கு ப்ராஜெக்டையே பரிந்துரைக்கிறேன்.