நான்கு கோபெக் கொலந்தாய்: ஒரு சோவியத் அஞ்சல்தலை குறித்த மதிப்புரை

ரஷ்யப் புரட்சியாளரும் சோவியத் தூதருமான அலெக்சாந்திரா கொலந்தாய் பிறந்து நூறாண்டு நிறைந்ததையொட்டி 1972இல் சோவியத் அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு கோபெக் (ரூபிளில் நூறிலொரு பங்கு ஒரு கோபெக்) அஞ்சல்தலை, சேகரிப்பாளர்களிடையே இன்றும் எளிதாகக் கைமாறும் மலிவான பொருள்களில் ஒன்று. கொலந்தாயைப் போலவே 1872இல் பிறந்தவரும், அவர் வெளிநாட்டில் பணியாற்றிய தொடக்க ஆண்டுகளில் வெளியுறவு மக்கள் ஆணையராக, அதாவது அமைச்சராக, இருந்தவருமான கியோர்கி சிச்செரினுக்கும் அவ்வாண்டே ஓர் அஞ்சல்தலை வந்தது. இரண்டையும் ஆல்பத்தில் அடுத்தடுத்து வைப்பதே முறை. மேலதிகாரியும் அவரிடம் பணிபுரிந்த தூதரும் ஒரே பக்கத்தில் அமைவது வேறு எந்த ஏற்பாட்டையும்விடப் பொருத்தமாக இருக்கிறது.

அச்சைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆரவாரமில்லாத ஒற்றை வண்ணம், ஒரு முகம், ஒரு பெயர். அக்காலத்தில் நாட்டுக்குள் ஒரு சாதாரணக் கடிதத்துக்குத் தேவையான கட்டணமே அதன் மதிப்பு என்பதால், ஆடம்பரத்தை எதிர்பார்ப்பதும் நியாயமன்று. எனக்குக் குறையாகப் படுவது வேறு. தொழிலாளர் பெண்களின் தலைவி, 1917இல் அமைந்த முதல் சோவியத் அரசில் சமூகநல மக்கள் ஆணையர் என்றெல்லாம் அறியப்பட்ட இப்பெண்மணியின் பிற்கால வாழ்க்கையில் கால் நூற்றாண்டுக்கு நெருக்கமான பகுதி அயல்நாட்டில் கழிந்தது. அந்தப் பகுதி தொடங்கியது அரசியல் மேடையிலன்று, மீன் பேரத்தில். அதற்கான தடயம் ஏதும் இந்தச் சிறிய தாளில் இல்லை.

விற்பனையாளர்களின் விளம்பரக் குறிப்புகளோ இந்தக் குறையை மேலும் பெரிதாக்குகின்றன. பெரும்பாலான இணைய விற்பனைப் பக்கங்கள் இதனை ‘உலகின் முதல் பெண் தூதர்’ என்ற ஒற்றை வரியோடு விற்கின்றன. அந்த வரியை அப்படியே ஏற்க இயலாது. 1918இன் இறுதியில் ஹங்கேரி அரசு ரோசிகா ஷ்விம்மரைச் சுவிட்சர்லாந்துக்குத் தன் பிரதிநிதியாக அனுப்பியது. ரங்கூனில் பிறந்து, கணவரின் மறைவுக்குப் பின் ஜப்பானில் குடும்ப ஏற்றுமதி இறக்குமதி வணிகத்தைத் தாமே நடத்திய தயானா அப்கரை, 1920இல் ஆர்மீனியக் குடியரசு ஜப்பானுக்கான கௌரவத் துணைத் தூதராக நியமித்தது. (வணிகப் பெண் ஒருவர் தூதரான கதை என்று பார்த்தால் அப்கருக்கே முதல் அஞ்சல்தலை வந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.) கொலந்தாய்க்கு முழுத் தூதர் என்னும் பதவிப் பெயர் ஸ்டாக்ஹோமில் 1943இல்தான் வாய்த்தது. நார்வேயில் அவர் சோவியத் வணிகக் குழுவின் உறுப்பினராக 1922 அக்டோபரில் வந்து, அடுத்த ஆண்டு அதன் பொறுப்பை ஏற்றவர். அந்த நிலையிலேயே அவரை மதிப்பிடுவதுதான் அவருக்குப் பெருமை.

அங்கே அவர் செய்தது என்ன என்பதைச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். வட நார்வேயின் வார்டோ, ஹாமர்ஃபெஸ்ட், துரொம்சோ துறைமுகங்களுக்கு வெண்கடல் கரையிலிருந்து ரஷ்யர்கள் கோதுமையை ஒத்த தானியமான ‘ரை’யின் மாவைக் கொண்டுவந்து மீனுக்கு மாற்றிச் செல்லும் போமோர் வணிகம் ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் நடந்து, 1917 புரட்சியோடு அறுந்துபோயிற்று. புரட்சிக்குப் பின் ரஷ்யாவில் வெளிநாட்டு வணிகம் முழுவதும் அரசின் தனியுரிமை. 1918 ஏப்ரல் ஆணைப்படி, கடற்கரையில் ஒரு படகுக்காரரோடு பேசி முடித்துக்கொள்ளும் காலம் போய்விட்டது. உப்பிட்ட ஹெர்ரிங் மீனை விற்க வழியின்றி நின்ற நார்வே வணிகர்களுக்கு எதிரே, உணவு தேவைப்பட்டும் கையில் பணமில்லாத ஒரு நாடு இருந்தது. அவ்விரண்டுக்கும் இடையில் நின்று பேசும் ஒரே வாயிலாக இருந்தது சோவியத் வணிகக் குழு. 1921 செப்டம்பரில் கையெழுத்தான தற்காலிக வணிக ஒப்பந்தம் அதற்கு இடம் கொடுத்திருந்தது. ஆனால் நார்வே அரசு சோவியத் அரசை இன்னும் சட்டப்படி ஏற்றிருக்கவில்லை.

இந்த வேலைக்கு அவரிடம் இருந்த முதலீடு மொழியும் பழக்கமும்தான். முதல் உலகப் போர்க் காலத்தில் அகதியாக நார்வேயில் வாழ்ந்தவர். அந்நாட்டு மொழியையும், அங்குள்ள தொழிலாளர் கட்சியினரையும் அறிந்தவர். தாய்வழிப் பாட்டனார் பின்லாந்தில் மரம் விற்றுப் பொருளீட்டியவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம், கொள்கைக்காரர்கள் அதை விரும்பாவிட்டாலும். மீன் கொள்முதல் பேச்சும் அங்கீகாரப் பேச்சும் அவர் மேசையில் ஒன்றாகவே நடந்தன: வாங்குபவர் யார் என்பதைச் சட்டப்படி ஒப்புக்கொள்ளாத நாட்டில் கடன் உத்தரவாதம் உறுதியாக நிற்காது என்ற வாதம், மீன் வணிகர்களையே தம் அரசை நெருக்க வைக்கக்கூடியது.

1924 பிப்ரவரி 15 அன்று நார்வே சோவியத் ஒன்றியத்தைச் சட்டப்படி அங்கீகரித்தது. மறுநாளே, ஆர்க்டிக் கடலிலுள்ள ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுக்கூட்டத்தின் மீது நார்வேயின் இறையாண்மையை ஏற்கும் குறிப்பைக் கொலந்தாய் அளித்தார். அந்த இறையாண்மையை நார்வேக்கு வழங்கி, ரஷ்யாவை அழைக்காமலே 1920இல் பாரிஸில் முடிவான ஒப்பந்தத்தைச் சோவியத் அரசு அதுவரை எதிர்த்து வந்தது. கொடுப்பதும் பெறுவதும் ஒரே நாள் இடைவெளியில் நிகழ்ந்த இந்தக் கணக்கைக் காட்டிலும் தெளிவான வணிகத் தூதரகப் பாடம் கிடைப்பது அரிது. ஆனால் எல்லாப் புகழையும் ஹெர்ரிங் மீனுக்கே எழுதிவைக்கவும் கூடாது. பிரிட்டன் பிப்ரவரி முதல் நாளிலும், அடுத்த வாரத்தில் இத்தாலியும் அங்கீகாரம் அளித்துவிட்ட பிறகே நார்வே அளித்தது. காற்று ஏற்கெனவே திரும்பியிருந்தது. அது திரும்பிய வேளையில் பாயை விரித்து ஆயத்தமாக இருந்தவர் அவர். 1925 டிசம்பரில் இரு நாடுகளுக்கும் இடையே வணிக, கப்பல் போக்குவரத்து உடன்படிக்கையும் கையெழுத்தானது.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1926இல் மெக்சிகோவுக்கு நியமனம் பெற்றபோது அமெரிக்கா தன் மண்ணின் வழியே செல்ல அவருக்கு அனுமதி மறுத்தது. மெக்சிகோவின் மலை உயரம் உடலுக்கு ஒவ்வாமல் அடுத்த ஆண்டே நார்வேக்குத் திரும்பினார். 1914இல் போர் எதிர்ப்புப் பிரசாரத்துக்காகத் தம்மை என்றென்றைக்கும் நாடு கடத்திய ஸ்வீடனுக்கே 1930இல் பிரதிநிதியாகச் சென்று, 1945 வரை அங்கிருந்தார். பின்லாந்துடனான 1940, 1944 சமாதானப் பேச்சுகளில் அவருடைய பங்கு பெரிது. 1952 மார்ச் 9 அன்று மாஸ்கோவில் மறைந்தார். உடன் நின்ற பழைய தோழர்கள் பலர் முப்பதுகளில் கொல்லப்பட, அவர் தப்பியதற்கு வெளிநாட்டுப் பணியும், பொதுவெளியில் காத்த மௌனமும் காரணம் என்று கருதுகிறேன். அந்த மௌனத்தை மன்னிக்காதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த அஞ்சல்தலை பிடிக்காமல் போனால் வியப்பில்லை.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். சந்தையில் கிடைப்பவற்றில் பெரும் பகுதி, வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களுக்கென்றே அஞ்சலகத்தில் முத்திரையிட்டு விற்கப்பட்ட படிகள். ஒரு மூலையில் மட்டும் சுத்தமாக விழுந்த வட்டத்தின் கால் பகுதி முத்திரையும், பின்புறத்தில் நனையாத முழுப் பசையும் இருந்தால், அது எந்தக் கடிதத்திலும் பயணம் செய்யாதது என்று புரிந்துகொள்ளலாம். விலை குறைவு, முகத்தை மட்டும் வேண்டுபவர்களுக்கு அதுவே போதும். உண்மையில் அஞ்சலில் போன உறையோடு கிடைத்தால் நான் அதையே எடுப்பேன்.

அஞ்சல்தலை சொல்லாமல் விட்ட வணிகத்தையும் ஆல்பத்தில் கொண்டுவர விரும்புபவர்கள், அதனருகே நார்வே தலைநகரின் முத்திரை பதிந்த பழைய உறை ஒன்றைத் தேடலாம். அந்நகரம் 1925 ஜனவரி 1 முதல்தான் ஓஸ்லோ. அதற்கு முன் கிறிஸ்தியானியா. ஆகவே 1922 அக்டோபருக்கும் 1924 டிசம்பருக்கும் இடைப்பட்ட கிறிஸ்தியானியா முத்திரையே அவருடைய பேரக் காலத்துக்கு உரியது. தேதி தெளிவாகத் தெரியாத உறைக்கு இதே காரணத்தைச் சொல்லி அதிக விலை கேட்டால் கொடுக்க வேண்டாம். முத்திரையிடாத படி வாங்குவோர், பசைப் பக்கத்தில், ஆல்பத்தில் ஒட்டப் பயன்படும் சிறு ஒட்டுத்தாளின் தடம் உள்ளதா என்பதை விற்பவரிடம் பின்புறப் படம் கேட்டுப் பார்த்துவிட்டுப் பணம் செலுத்துவது நல்லது.