எம்.சி. ரோடு ஜவுளிக் கடையில் ஒரு பில்லிங் மென்பொருள்: ஆறு மாத அனுபவம்

சென்னை பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டிலுள்ள எங்கள் ஜவுளிக் கடையில், பிரவுசர் வழியே இயங்கும் பில்லிங் மென்பொருள் ஒன்றை ஆறு மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறோம். அதன் பெயரைத் தவிர்க்கிறேன். நாங்கள் கண்ட குறைகள் இந்த வகை மென்பொருள் எதிலும் இருக்கக்கூடியவை.

ஜிஎஸ்டி கணக்கு, மாத அறிக்கை, வாட்ஸ்அப்பில் பில் அனுப்பும் வசதி ஆகியவற்றில் குறையில்லை. சரக்கின் பெயர் தமிழிலேயே அச்சாகிறது.

வேகம்தான் சிக்கல். விற்பனைப் பிரதிநிதி தம் மடிக்கணினியில் செய்துகாட்டியபோது எல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில் நடந்தது. ஆனால் அதில் இருந்தவை இருநூறு சரக்குகள்தாம். அளவும் நிறமும் மாறினாலே தனிப் பதிவு என்பதால் எங்கள் பட்டியல் பதினோராயிரத்தைத் தாண்டும். ‘காட்டன்’ என்று தட்டினால், ஒவ்வொரு எழுத்துக்கும் சர்வரிடம் ஒரு தேடல் போகிறது. முந்தைய எழுத்துக்கான விடை தாமதமாக வந்து, பிந்தையதன் மேல் உட்கார்ந்துகொள்வதும் உண்டு. அவசரத்தில் என்டரைத் தட்டியவர் சுடிதாருக்குப் பதில் லுங்கியைப் பில்லில் ஏற்றிவிடுகிறார். தட்டுவது நின்ற பிறகு ஒரே ஒரு முறை தேடினால் இந்தக் குழப்பம் பெருமளவு தீரும்.

தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு நிலைமை மோசமானது. ‘சேமி’ பொத்தானை அழுத்தினால் திரையில் ஓர் அசைவும் இல்லை. அழுத்தியது பதிந்ததா என்று தெரியாமல் கல்லாவில் இருந்த பையன் மறுபடி அழுத்த, ஒரே புடவைக்கு இரண்டு பில்கள் விழுந்தன, இருப்பிலும் இரண்டு குறைந்தது. யுபிஐயில் பணம் செலுத்திவிட்டு, “அண்ணே, காசு போயிடுச்சு, பில்லு குடுங்க” என்று கைப்பேசியை நீட்டியபடி நின்ற பெண்மணிக்கு எங்களிடம் பதில் இல்லை.

நிறுவனத்திடம் முறையிட்டபோது, சராசரியாக ஒரு பில்லுக்கு ஒரு நொடிதான் ஆகிறது என்றார்கள். அது பொய்யல்ல, ஆனால் பயனற்ற உண்மை. பத்துப் பில்களில் ஒன்பது 0.3 நொடியிலும் ஒன்று 8 நொடியிலும் முடிந்தால் சராசரி ஏறத்தாழ ஒரு நொடிதான்; வரிசை தேங்குவதோ அந்த எட்டு நொடியில். இணையப் பக்கங்களை அளக்கும் கூகுள்கூடச் சராசரியைப் பார்ப்பதில்லை. பயனர் அழுத்தியதற்குத் திரை எதிர்வினை காட்ட ஆகும் நேரம், நூற்றில் எழுபத்தைந்து வருகைகளிலாவது 200 மில்லிநொடிக்குள் இருந்தால்தான் நன்று என்கிறது. 2024 மார்ச் முதல் இது அதன் முதன்மை அளவுகோல்களில் ஒன்று. 0.1 நொடிக்குள் பதில் வந்தால் உடனடியாக நடந்ததாகத் தோன்றும், 1 நொடி வரை எண்ண ஓட்டம் அறுபடாது, 10 நொடியைத் தாண்டினால் கவனம் சிதறும் என்று, மென்பொருளைப் பயன்படுத்துவதை எளிதாக்குவது பற்றி ஆராய்ந்த வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 1993-இலேயே வகுத்திருக்கிறார். கடைத்தெருவில் அந்தப் பத்து நொடியும் தாராளக் கணக்கு. எங்கள் வாடிக்கையாளர் அதற்குள் பக்கத்துக் கடைப் படியேறிவிடுவார்.

கடந்த மாதம் ஒரு புதுப்பிப்பு வந்தது. இப்போது ‘சேமி’யை அழுத்தியதும் பொத்தான் மங்கி, ‘சேமிக்கப்படுகிறது’ என்ற சொல் தோன்றுகிறது. கைப்பேசிக் கடிகாரத்தில் பார்த்தால் மொத்த நேரம் பெரிதாகக் குறையவில்லை; ஆனாலும் இரட்டைப் பில் ஒன்றுகூட விழவில்லை, பையனின் முணுமுணுப்பும் நின்றுவிட்டது. பதில் சொல்லும் திரை வேறு, வேலையை விரைந்து முடிக்கும் சர்வர் வேறு என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. முதலாவதைச் சரிசெய்துவிட்டார்கள். இரண்டாவது அப்படியே இருக்கிறது. மங்கிய பொத்தான் வரிசையை நகர்த்தாது.

சிறிய சரக்குப் பட்டியலும் ஒரே கல்லாவும் உள்ள கடைக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். மற்றவர்கள் முன்பணம் கொடுக்குமுன், தங்கள் முழுப் பட்டியலையும் ஏற்றி, தங்கள் கடையின் பழைய கணினியிலேயே, எல்லாக் கல்லாவிலும் ஒரே நேரத்தில் பில் போட்டுப் பார்க்கட்டும். எங்கள் மூன்று கல்லாவுக்கும் அப்படியொரு சோதனையை ஒரு சனிக்கிழமை மாலை நடத்தித் தருமாறு நிறுவனத்திடம் கேட்டிருக்கிறேன். தேதி இன்னும் சொல்லவில்லை. ஆகவே ஓராண்டுச் சந்தாவைத் தவிர்த்து மூன்று மாதத்துக்கு மட்டும் புதுப்பித்திருக்கிறோம்.